நியமப் போட்டியும் நுகர்வோர் தெரிவும்: புளூ-றே, எச்.டி. டி.வி.டி. இறுவட்டுகளின் வரலாறு – ஒரு நோக்கு

கைத்தொழிற் புரட்சிக்குப் பிற்பட்ட உலக வரலாற்றை நோக்குமிடத்து, ஒரு பொருள் பரந்த பயன்பாட்டுக்கு வருவதற்கு அது சிறந்த பொருளாக இருத்தல் மட்டும் போதுமானதன்று என்பது புலனாகும். அதனோடு பொருந்தும் பிற பொருள்களும், அதனையே கையாளும் பிற மனிதரும் இருத்தல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியாவிலே புரூணெல் என்னும் பொறியியலாளர் ஏழடிக்குச் சற்று மேற்பட்ட அகலமுடைய இருப்புப்பாதையை அமைத்தார். ஸ்ரீபன்சனின் பாதையோ நான்கடி எட்டரை அங்குல அகலமே உடையது. அகலப் பாதையில் வண்டிகள் விரைவாகவும் நிலையாகவும் ஓடின. எனினும் 1846ஆம் ஆண்டுச் சட்டம் ஒடுங்கிய பாதையையே நியமமாக்கியது. 1892இல் அகலப் பாதையின் எஞ்சிய பகுதியும் மாற்றியமைக்கப்பட்டது. ஒடுங்கிய பாதை ஏற்கெனவே நாட்டின் பெரும்பகுதியிற் பரவியிருந்தமையே அதன் வெற்றிக்கு வழிகோலியது.

இத்தகைய நியமப் போட்டியொன்று 21ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலும் நிகழ்ந்தது. வீட்டுத் தொலைக்காட்சியில் உயர்தெளிவுத் திரைப்படங்களைக் காண்பதற்கென உருவாக்கப்பட்ட புளூ-றே, எச்.டி. டி.வி.டி. என்னும் இரு இறுவட்டு முறைகள் ஒன்றோடொன்று பொருதின. 2002இல் முளைகொண்டு 2008இல் முடிவுற்ற இப்போட்டியிற் புளூ-றே வென்றது. ‘சந்தை தெரிவுசெய்தது’ என்று இம்முடிவைச் சுருங்கக் கூறிவிடுதல் வழக்கம். ஆயின் சந்தை என இங்குக் கூறப்படுவது யாது? தெரிவுசெய்தோர் யாவர்? அவர்கள் எதனை அறிந்து, எதனைக் கருதித் தெரிவுசெய்தனர்? இவ்வினாக்களை முன்வைத்து அப்போட்டியின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்வரலாறு

இப்போட்டியிற் பங்குகொண்ட நிறுவனங்கள் யாவும் பழைய அனுபவங்களைச் சுமந்தே களத்தில் இறங்கின. 1975இல் யப்பானின் சொனி நிறுவனம் பீற்றாமாக்ஸ் எனும் வீடியோ நாடா முறையை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் ஜே.வீ.சி. நிறுவனம் வீ.எச்.எஸ். முறையை வெளியிட்டது. தொடக்கத்திற் பீற்றாமாக்ஸ் நாடா ஒரு மணி நேரப் பதிவையே கொண்டிருந்தது, வீ.எச்.எஸ். நாடாவோ இரண்டு மணி நேரப் பதிவைக் கொண்டிருந்தது. முழுத் திரைப்படமொன்றை ஒரே நாடாவில் அடக்க இயன்றமையும், ஜே.வீ.சி. தன் முறையைப் பல நிறுவனங்களோடு தாராளமாகப் பகிர்ந்துகொண்டமையும் வீ.எச்.எஸ். முறைக்கு வலுவூட்டின. 1988இல் சொனி நிறுவனமே வீ.எச்.எஸ். கருவிகளை உற்பத்திசெய்யும் நிலைக்குத் தள்ளப்பட்டது. கருவியை ஆக்குவோர் திரைப்படங்களையும் தம் வசம் வைத்திருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அந்நிறுவனத்திலே வேரூன்றுவதற்கு இத்தோல்வியும் ஒரு காரணமாயிற்று. 1989இல் ஹொலிவூட்டின் கொலம்பியா திரைப்பட நிறுவனத்தைச் சொனி விலைக்கு வாங்கியமை இவ்வகையில் நோக்கத்தக்கது.

இரண்டாவது அனுபவம் டி.வி.டி. இறுவட்டின் பிறப்போடு தொடர்புடையது. 1990களின் நடுப்பகுதியிற் சொனி, பிலிப்ஸ் ஆகியவை ஒரு முறையையும், தொஷிபாவும் ரைம் வோர்ணர் நிறுவனமும் மற்சுஷிற்றா முதலிய பிறவும் சேர்ந்து வேறொரு முறையையும் முன்வைத்தன. நாடாப் போட்டி மீண்டும் நிகழுமோ என்ற அச்சம் எழுந்தது. அவ்வேளையில் ஐ.பி.எம். நிறுவனத்தின் முன்முயற்சியோடு கணனி உற்பத்தியாளர்கள் ஒன்றிணைந்து, இரு முறைகளுள் எதனையும் தாம் ஏற்கப்போவதில்லை எனவும், ஒரே நியமம் வேண்டும் எனவும் வற்புறுத்தினர். இதன் விளைவாக 1995இல் இணக்கம் ஏற்பட்டது. 1996இல் யப்பானிலும் 1997இல் ஐக்கிய அமெரிக்காவிலும் டி.வி.டி. விற்பனைக்கு வந்தது. அது விரைந்து பரவியமைக்கு ஒற்றை நியமமாக அது வெளிவந்தமை முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும். இணங்கினால் அனைவரும் பயன்பெறலாம் என்னும் பாடம் இவ்வாறு கண்முன் கிடந்தது. அப்பாடம் பத்தாண்டுகளுக்குள் மறக்கப்பட்டமையே ஈண்டு வியப்பிற்குரியது.

நீல ஒளியும் இரு வழிகளும்

இறுவட்டிற் செய்தி நுண்ணிய குழிகளாகப் பதியப்படுகின்றது. லேசர் ஒளிக்கதிர் அக்குழிகளை வாசிக்கின்றது. ஒளியின் அலைநீளம் குறையக் குறைய நுண்ணிய குழிகளை வாசித்தல் இயலும். டி.வி.டி. இறுவட்டில் 650 நனோமீற்றர் அலைநீளமுடைய செவ்வொளி பயன்படுத்தப்பட்டது. உயர்தெளிவுத் தொலைக்காட்சியின் முழுச் சட்டமொன்று 1920க்கு 1080 எனும் அளவிற் படப்புள்ளிகளைக் கொண்டது. இது அமெரிக்க, யப்பானிய டி.வி.டி. படச் சட்டத்தின் 720க்கு 480 எனும் அளவோடு ஒப்பிடுகையில் ஆறு மடங்காகும். இத்துணைச் செய்தியைச் செவ்வொளி இறுவட்டில் அடக்குதல் அரிதாயிற்று. 1990களில் யப்பானின் நிச்சியா நிறுவனத்திற் பணியாற்றிய சூஜி நக்கமூரா நீல ஒளி உமிழும் குறைகடத்திகளையும் பின்னர் லேசரையும் உருவாக்கினார். நீல ஒளி உமிழும் இருவாயிக்காக 2014இல் அக்கசாக்கி, அமானோ ஆகியோருடன் அவருக்குப் பௌதிகவியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. 405 நனோமீற்றர் அலைநீளமுடைய நீல ஊதாக் கதிரே புதிய இறுவட்டுகள் இரண்டிற்கும் பொதுவான அடிப்படையாயிற்று.

ஒரே ஒளியைப் பயன்படுத்திய இரு சாராரும் இறுவட்டின் அமைப்பிலே வேறுபட்டனர். 2002 பெப்ரவரி 19ஆந் திகதி சொனி, பிலிப்ஸ், மற்சுஷிற்றா, பயனியர், ஹிற்றாச்சி, ஷார்ப், சம்சுங், எல்.ஜி., தொம்சன் ஆகிய ஒன்பது நிறுவனங்கள் புளூ-றே முறையை அறிவித்தன. இம்முறையிற் செய்திப் படை இறுவட்டின் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீற்றர் ஆழத்திலேயே அமைந்தது. ஆற்றல் மிக்க வில்லையினால் ஒளியைக் கூர்மையாகக் குவித்து, ஒரு படையில் 25 கிகாபைற்றையும் இரு படைகளில் 50 கிகாபைற்றையும் பதிய முடிந்தது. ஆனால் செய்திப் படை மேற்பரப்பை ஒட்டியிருந்தமையாற் கீறல்களால் எளிதிற் பழுதுறும் இடர் இருந்தது. 2003இல் யப்பானிற் சொனி வெளியிட்ட முதலாவது பதிவுக்கருவிக்குரிய இறுவட்டு உறையொன்றினுள் அடைக்கப்பட்டிருந்தமைக்கு இதுவே காரணம். கீறலைத் தாங்கும் வன்பூச்சினை ரி.டி.கே. நிறுவனம் உருவாக்கிய பின்னரே அவ்வுறை தேவையற்றதாயிற்று.

அதே 2002ஆம் ஆண்டிலே தொஷிபாவும் என்.ஈ.சி. நிறுவனமும் தமது மாற்று முறையை டி.வி.டி. மன்றத்தின் முன்வைத்தன. அதுவே பின்னர் எச்.டி. டி.வி.டி. எனப் பெயர்பெற்றது. இதிற் செய்திப் படை டி.வி.டி. இறுவட்டிற் போன்றே 0.6 மில்லிமீற்றர் ஆழத்தில் அமைந்தது. ஒரு படையில் 15 கிகாபைற்றும் இரு படைகளில் 30 கிகாபைற்றுமே இதன் கொள்ளளவு. கொள்ளளவு குறைந்ததாயினும், இருந்த டி.வி.டி. ஆலைகளைச் சிறு மாற்றங்களோடு பயன்படுத்தலாம் என்பது இதன் பெருஞ் சிறப்பாகக் கூறப்பட்டது.

ஆகவே போட்டியிட்டவை நல்லதும் தீயதும் அல்ல, இருவேறு நன்மைகள். ஒன்று எதிர்காலத்திற்கு வேண்டிய இடத்தை முன்கூட்டியே ஒதுக்கியது. மற்றையது நிகழ்காலத்தின் முதலீட்டைப் பேணியது. இவற்றின் பின்னால் ஆக்கவுரிமை வருமானம் பற்றிய கணக்கும் இருந்தது. எந்த முறை நியமமாகின்றதோ அதன் ஆக்கவுரிமையாளர், பிறர் விற்கும் ஒவ்வொரு கருவியிலிருந்தும் ஒவ்வோர் இறுவட்டிலிருந்தும் உரிமைப் பணம் பெறுவர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

2005இல் இரு சாராரும் இணக்கங்காண முயன்றனர். 0.1 மில்லிமீற்றரா, 0.6 மில்லிமீற்றரா என்னும் வினாவிலே பேச்சுவார்த்தை முறிந்தது. 1995இல் இரு சாராரையும் அடக்கவல்ல மூன்றாவது சக்தியாகக் கணனித் துறை விளங்கியது. இம்முறை அத்துறையும் பிளவுபட்டிருந்தது. மைக்ரோசொப்ட், இன்ரெல் ஆகியவை எச்.டி. டி.வி.டி. பக்கமும், டெல், அப்பிள் ஆகியவை புளூ-றே பக்கமும் நின்றன. நடுவர் இல்லாதவிடத்துப் பிணக்கு நுகர்வோரின் இல்லத்திற்கே கொண்டுசெல்லப்பட்டது.

சந்தையில் நுகர்வோர்

2006 ஏப்பிரலில் ஐக்கிய அமெரிக்காவிலே தொஷிபாவின் எச்.டி. டி.வி.டி. கருவி 499 டொலர் விலையில் விற்பனைக்கு வந்தது. யூன் மாதத்தில் வெளிவந்த சம்சுங்கின் புளூ-றே கருவியின் விலை 999 டொலர். விலையில் மட்டுமன்றித் தொடக்கத் தரத்திலும் எச்.டி. டி.வி.டி. முன்னின்றது. முதலில் வந்த புளூ-றே இறுவட்டுகள் பல, பழைய சுருக்க முறையில் ஒற்றைப் படையிலே பதியப்பட்டமையால் அவற்றின் படத்தரம் குறைகூறப்பட்டது. வலையமைப்பு இணைப்பு, படத்தினுட் படம் முதலிய வசதிகள் எச்.டி. டி.வி.டி. கருவிகள் அனைத்திலும் தொடக்கத்திலிருந்தே கட்டாயமாக்கப்பட்டிருந்தன. புளூ-றே கருவிகளிலோ அவை படிப்படியாகவே வந்தன. மேலும், புளூ-றே முறை உலகை மூன்று வலயங்களாகப் பிரித்தது. இந்தியா, இலங்கை முதலிய தென்னாசிய நாடுகள் மூன்றாம் வலயத்தில் அடங்கின. எச்.டி. டி.வி.டி. முறையில் அத்தகைய வலயப் பூட்டு இருக்கவில்லை.

எனினும் நுகர்வோர் வாங்க விரும்பியது கருவியையன்று, திரைப்படத்தையே. அங்கேதான் இடர்ப்பாடு தோன்றியது. சொனி, டிஸ்னி, இருபதாம் நூற்றாண்டு பொக்ஸ் ஆகியவை புளூ-றே முறையில் மட்டும் படங்களை வெளியிட்டன. யுனிவேர்சல் எச்.டி. டி.வி.டி. முறையில் மட்டும் வெளியிட்டது. வோர்ணர், பரமவுண்ட் ஆகியவை இரண்டிலும் வெளியிட்டன. 2007 ஓகஸ்டிற் பரமவுண்டும் டிறீம்வேர்க்ஸ் அனிமேஷனும் எச்.டி. டி.வி.டி. முறைக்கே தம்மை வரையறுத்துக்கொண்டன. இதற்காக அவற்றுக்கு ஏறத்தாழ 150 மில்லியன் டொலர் பெறுமதியான சலுகைகள் கிடைத்ததாக நியூயோர்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. விளைவு யாதெனின், 2007ஆம் ஆண்டின் இறுதியிற் பிள்ளைகளுக்காகப் படம் வாங்கச் சென்ற அமெரிக்கப் பெற்றோர் ‘காற்ஸ்’ படத்திற்கு ஒரு கருவியையும், ‘சிறெக்’ வரிசையின் மூன்றாம் படத்திற்கு வேறொரு கருவியையும் வாங்க வேண்டியவராயினர். எல்.ஜி. நிறுவனம் இரு வகை இறுவட்டுகளையும் இயக்கும் கருவியை 2007இல் வெளியிட்டது. ஒரு புறம் ஒரு முறையிலும் மறு புறம் மற்றைய முறையிலும் பதிந்த இறுவட்டினை வோர்ணர் நிறுவனம் திட்டமிட்டது. முன்னையது விலை மிகுதியால் பரவவில்லை. பின்னையது சந்தைக்கு வராமலே கைவிடப்பட்டது.

இந்நிலையிற் பெரும்பாலான மக்கள் மேற்கொண்ட முடிவு காத்திருத்தல் என்பதாகும். தம்மிடமிருந்த டி.வி.டி. இறுவட்டுகளே அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன. தோற்கும் பக்கத்திற் பணத்தை இடுவதிலும் வாளாவிருத்தல் மேல் என அவர்கள் கருதியமை அறியாமையன்று. பீற்றாமாக்ஸ் கண்ட தலைமுறையின் பட்டறிவு அது.

நாற்பத்தாறு நாள்கள்

2007ஆம் ஆண்டிலே தொஷிபா விலைக்குறைப்பைத் தன் முதன்மைப் படைக்கலமாகக் கொண்டது. நவம்பர் மாதத்தில் வோல்மார்ட் அங்காடிகளில் அதன் கருவியொன்று 100 டொலருக்கும் குறைந்த விலைக்கு விற்கப்பட்டது. ஆயினும் அவ்வாண்டு அமெரிக்காவில் விற்பனையான உயர்தெளிவு இறுவட்டுகளுள் இரண்டு புளூ-றே இறுவட்டுகளுக்கு ஓர் எச்.டி. டி.வி.டி. என்னும் அளவிலேயே விகிதம் ஏறத்தாழ அமைந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியிற் பிளொக்பஸ்ரர் வாடகை நிறுவனம் தனது பெரும்பாலான கிளைகளிற் புளூ-றே இறுவட்டுகளை மட்டுமே வைக்க முடிவுசெய்திருந்தது.

2008 சனவரி 4ஆந் திகதி, இரு முறைகளையும் ஆதரித்துவந்த வோர்ணர் நிறுவனம் இனிப் புளூ-றே முறைக்கு மட்டுமே மாறப்போவதாக அறிவித்தது. 1995இல் தொஷிபாவின் தோழமை நிறுவனமாக நின்று டி.வி.டி. இறுவட்டை உருவாக்கியதும் இதுவே என்பது நினைவுகூரத்தக்கது. லாஸ் வேகாஸ் இலத்திரனியற் பொருட்காட்சியின்போது எச்.டி. டி.வி.டி. அணியினர் நடத்தவிருந்த செய்தியாளர் கூட்டம் கைவிடப்பட்டது. பெப்ரவரி 11ஆந் திகதி நெட்பிளிக்ஸ் நிறுவனமும், 15ஆந் திகதி வோல்மார்ட் நிறுவனமும் புளூ-றே முறையைத் தேர்ந்தன. பெப்ரவரி 19ஆந் திகதி, புளூ-றே அறிவிக்கப்பட்டு ஆறு ஆண்டுகள் நிறைவுற்ற அதே நாளில், தொஷிபா தனது முயற்சியைக் கைவிடுவதாக அறிவித்தது. வோர்ணரின் அறிவிப்பிலிருந்து அந்நாள் வரை கழிந்தவை 46 நாள்களே.

எச்.டி. டி.வி.டி. கருவிகளை வாங்கியோரிடம் இனிப் புதிய படம் வாராத கருவிகள் எஞ்சின. பெஸ்ட் பை அங்காடி தன்னிடம் வாங்கியோருக்கு 50 டொலர் பெறுமதியான பரிசு அட்டை வழங்கியது. 2009இல் தொஷிபாவே புளூ-றே அணியிற் சேர்ந்தது. பீற்றாமாக்ஸ் வரலாற்றில் 1988இற் சொனி நின்ற இடத்தில் இப்போது தொஷிபா நின்றது.

தெரிவுசெய்தோர் யாவர்?

இவ்வெற்றிக்கான காரணங்களாகக் கூறப்படுவனவற்றை முறையே ஆராய்தல் தகும்.

தொழினுட்ப மேன்மையே புளூ-றேயின் வெற்றிக்குக் காரணம் என்பர் ஒரு சாரார். அதன் கொள்ளளவு மிகுதியானது என்பது மறுக்கவியலாதது. ஆயின் பார்வையாளர் கண்ட படத்தில் அவ்வேறுபாடு பெரிதும் புலப்படவில்லை. தொடக்கக் காலத்தில் நிலைமை எதிர்மாறாகவே இருந்தது. எனவே இவ்விளக்கம் வெற்றிக்குப் பின்னர் வெற்றியாளருக்குச் சூட்டப்பட்ட அணி போன்றதாகும். விலையே காரணம் எனின், வென்றிருக்க வேண்டியது எச்.டி. டி.வி.டி. ஆகும். ஆகவே இவ்விளக்கமும் பொருந்தாது.

மூன்றாவது விளக்கம் சொனியின் பிளேஸ்டேஷன் 3 எனும் வீடியோ விளையாட்டுக் கருவியோடு தொடர்புடையது. 2006 நவம்பரில் வெளிவந்த இக்கருவி ஒவ்வொன்றிலும் புளூ-றே இயக்கி பொருத்தப்பட்டிருந்தது. 499, 599 டொலர் எனும் அதன் விலை மிகுதி என்று விளையாட்டு ஆர்வலர் முறையிட்டனர். நீல லேசர்ப் பற்றாக்குறையால் ஐரோப்பாவில் அதன் வெளியீடு 2007 மார்ச்சு வரை பின்போடப்பட்டது. அவ்விளையாட்டுச் சந்தையிற் சொனி பேரிழப்பை எய்தியது. எனினும் 2007ஆம் ஆண்டின் முடிவில் உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடிக் கருவிகள் அனுப்பப்பட்டிருந்தன. மைக்ரோசொப்ட் தனது எக்ஸ்பொக்ஸ் 360 கருவிக்கு எச்.டி. டி.வி.டி. இயக்கியைத் தனியே 199 டொலருக்கு விற்றது. விரும்பியோர் மட்டும் வாங்கும் உபகரணமும் விரும்பினும் விரும்பாவிடினும் கூடவே வரும் உபகரணமும் தொகையளவில் ஒப்பாகா.

இவ்விளக்கமே வலுவுடையது எனலாம். ஆனால் இதனை ஏற்கும்போது ‘சந்தை தெரிவுசெய்தது’ என்னும் கூற்றின் பொருள் பெரிதும் மாறிவிடுகின்றது. கொள்ளளவையும் விலையையும் படப்பட்டியலையும் ஒப்புநோக்கி, ஆய்ந்து ஒரு முறையைத் தேர்ந்த நுகர்வோரின் தொகை சிறிது. அவர்களின் தீர்ப்பு முடிவை நிர்ணயிக்கவில்லை. முடிவை நிர்ணயித்தோர் இரு வகையினர். ஒரு வகையினர், விளையாட்டுக்கென ஒரு கருவியை வாங்கி, தாம் ஒரு நியமப் போட்டியில் வாக்களிக்கின்றோம் என்பதை எண்ணாமலே வாக்களித்தோர். மற்றொரு வகையினர், எதனையும் வாங்காது காத்திருந்தோர். டி.வி.டி. விற்பனை 2007இற் சரிவு காணத் தொடங்க, மக்கள் இவ்வாறு காத்திருப்பதாற் புதிய சந்தை முளையிலேயே கருகிவிடும் என வோர்ணர் அஞ்சியது. நுகர்வோரின் குழப்பத்தை நீக்குதலே தன் முடிவின் நோக்கம் என அந்நிறுவனம் கூறிற்று. வாங்கியோரின் எண்ணிக்கை எப்பக்கம் சாய்வது என்பதைக் காட்டியது. வாங்காதோரின் மௌனம் உடனே சாய வேண்டும் என்பதை உணர்த்தியது. இவ்விரண்டையும் வாசித்து முடிவை எழுதியவர்கள் ஒரு நிறுவனத்தின் மேலாளரே.

வெற்றியின் எல்லை

வென்றவர் பெற்றது யாது என்பதும் ஆராயற்பாலது. 2007 சனவரியில், இரு அணிகளும் கடுமையாகப் பொருதிய அவ்வேளையில், நெட்பிளிக்ஸ் நிறுவனம் இணையவழியாகப் படங்களை நேரே காட்டும் சேவையைத் தொடங்கியது. அன்று அது படத்தரத்தில் எவ்விறுவட்டிற்கும் ஈடாகாத சிறு முயற்சியே. எனினும் அடுத்த பத்தாண்டில் இல்லத்துத் திரையை அதுவே கைப்பற்றியது. 2010இற் பிளொக்பஸ்ரர் நிறுவனம் வங்குரோத்து நிலையை அடைந்தது. 2023 செப்ரெம்பரில் நெட்பிளிக்ஸ் தனது இறுவட்டு அஞ்சற் சேவையை நிறுத்தியது. 2024இற் பெஸ்ட் பை திரைப்பட இறுவட்டு விற்பனையைக் கைவிட்டது. 2025 பெப்ரவரியிற் பதியத்தகு புளூ-றே இறுவட்டுகளின் உற்பத்தியைச் சொனி நிறுத்தியது. 2016இல் அறிமுகமான மிகையுயர்தெளிவுப் புளூ-றே இறுவட்டுக்கு ஆர்வலர் இருப்பினும், டி.வி.டி. ஒருகாலத்தில் எய்திய பரவலைப் புளூ-றே ஒருபோதும் எய்தவில்லை.

இச்சரிவிற்குப் போட்டி மட்டுமே காரணம் எனல் மிகைபடக் கூறலாகும். இணையத்தின் வேகம் பெருகியமை எவ்வாறாயினும் இறுவட்டைத் தாக்கியிருக்கும். ஆயினும் 2005இல் இணக்கம் ஏற்பட்டிருப்பின், இணையச் சேவை தழைக்குமுன் இறுவட்டு வேரூன்றுவதற்குச் சில ஆண்டுகள் கிடைத்திருக்கும். மக்களைக் காத்திருக்கப் பழக்கியவர்கள் போட்டியிட்ட நிறுவனங்களே. காத்திருந்தோருட் பலர் பின்னர் இறுவட்டின் பக்கம் திரும்பவில்லை.

இதிலே நட்டமடைந்தோர் கம்பனிகள் மட்டுமல்லர் என்பதும் ஈண்டுக் கூறத்தக்கது. இறுவட்டை விலைக்கு வாங்கியவர் அதனைத் தம் அலுமாரியில் வைத்திருக்கலாம். நண்பருக்கு இரவல் கொடுக்கலாம். தோற்ற முறைக்குரிய இறுவட்டாயினும், கருவி இயங்குமளவும் படத்தைக் காணலாம். இணையச் சேவையிலோ படம் நிறுவனத்தின் பட்டியலில் உள்ளவரையே சந்தாதாரருக்கு உரியது. எந்த இறுவட்டை வாங்குவது என்னும் பழைய தெரிவு இவ்வாறு முடிவுற, படத்தை உடைமையாகக் கொள்வதா என்னும் தெரிவே பெரும்பாலான மக்களின் கையிலிருந்து மெல்ல நழுவியது.

ஒரு நியமம் வெற்றிபெறும்போது அதன் தகுதியே வென்றது எனக் கொள்ளுதல் வரலாற்றாய்வுக்குப் பொருந்தாது. தகுதி, விலை, கூட்டணி, தற்செயல் என்பன எவ்வாறு கலந்தன என்பதையும், தெரிவுசெய்யாது இருந்தோரின் பங்கு யாது என்பதையும் ஆராய்தல் வேண்டும். நடுவர் இருந்தமையால் 1995இல் இணக்கம் பிறந்தது. நடுவர் இல்லாமையால் 2005இல் அது கைநழுவியது. பொது நியமங்களை உருவாக்கும் பொறுப்பினைப் போட்டியாளரிடமே முற்றாக விட்டுவிடலாமா என்னும் வினாவை இவ்வரலாறு எழுப்புகின்றது. புதிய துறைகளில் நியமங்கள் வகுக்கப்படும் ஒவ்வொரு வேளையிலும் அவ்வினா மீண்டும் எழும் என்பதில் ஐயமில்லை.